நாலு பேர் எதற்கு?

கோப்பு இருக்க வேண்டிய துணிக்கட்டுக்குள் இரண்டு போர்வையும் ஒரு தலையணை உறையும் இருந்தன.

ஸ்டோர்காரர் போர்வைகளை உதறினார். தலையணை உறைக்குள் கையை விட்டுத் துழாவினார். போன மாதம் வீடு முழுக்கத் தேடிய ஒற்றைக் காலுறை அகப்பட்டது. கோப்பு அகப்படவில்லை.

"போச்சுடா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மணி எட்டு ஐம்பது. பதினொரு மணிக்குள் அந்தக் கோப்பு நகர மன்றத்தில் இருந்தாக வேண்டும்.

"அப்பவே சொன்னேன்லப்பா, அந்தக் கட்டு இல்லைன்னு" என்றாள் மகள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அன்று பள்ளி விடுமுறை. தானே பல் தேய்த்து, தானே ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்று, தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கதைப்புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா இரு. அப்பா யோசிக்கிறேன்ல?"

அந்த வீட்டில் எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான்.

ஸ்டோர்காரரைக் குறைத்து எடை போட்டுவிடாதீர்கள். கட்டுமானச் சாமான் கிடங்கு ஒன்றை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர். ஆணி, திருகு, குழாய் மூட்டு என்று பதினோராயிரம் உருப்படி. எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார். எல்லாவற்றையும் கட்டிச் சுற்றி எண் ஒட்டிவிடுவதுதான் அவர் முறை. எந்த எண்ணில் என்ன சரக்கு என்பது தனிச் சீட்டில் இருக்கும்.

அதே முறையை நேற்று மாலை வீட்டிலும் கையாண்டார். கோப்பில் ஈரம் படக் கூடாதென்று பழைய போர்வை ஒன்றில் சுற்றிக் கட்டினார். முக்கியமான பொருள் என்பதால் 'ஒன்று' என்று ஒட்டினார். பக்கத்தில் இருந்த சலவை மூட்டைக்கு 'இரண்டு'. எது எது என்று சீட்டு எழுதினார். சீட்டு தொலைந்துவிடக் கூடாதே என்று அதைக் கோப்புக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டார்.

காலையில் சலவைக்கடை வண்டி வந்து நின்றபோது அவர் கிடங்குக்காரராகவே யோசித்தார். கிடங்கில் எது முதலில் வெளியே போகுமோ அதற்குத்தான் ஒன்று. எடுத்துக் கொடுத்துவிட்டார். மகள் "அது இல்லப்பா" என்றாள். "உனக்குத் தெரியாது, போ" என்றார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களின் கையெழுத்து வெளுக்கப் போய்விட்டது.

அது அவர் மனைவியின் கோப்பு. சந்தையில் நூலும் பொத்தானும் விற்கிற சின்னக் கடை அவளுக்கு. அந்தச் சந்தையில் பெண்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு கழிப்பறை. அதையும் மூடி ஒப்பந்தக்காரர் ஒருவருக்குச் சாமான் வைக்கிற அறையாகக் கொடுத்துவிடுவது என்று நகர மன்றம் இன்று முடிவு செய்யப் போகிறது. இருநூறு கையெழுத்து கொண்டு வருகிற எவருக்கும் மன்றத்தில் ஐந்து நிமிடம் பேச உரிமை உண்டு. பதினொன்றுக்குள் தாள் வந்து சேராவிட்டால் அந்த உரிமை கிடையாது. சேர்ந்துவிட்டால் மனைவி பேசுவாள், வாழ்க்கையில் முதல் முறையாக, மைக் முன்னால் நின்று.

பொத்தான் எண்ணிக் கொடுக்கிற நேரத்துக்கு நடுவே மூன்று வாரம் அலைந்து வாங்கிய கையெழுத்துகள் அவை. காலை ஏழு மணிக்கே சந்தைப் பெண்களைக் கூட்டிப் போகக் கிளம்பிவிட்டாள். "கூட்டத்துல ஃபைலைத் தூக்கிட்டு அலைஞ்சா தொலைஞ்சுடும். என்கிட்ட விடு, கிடங்குல இருக்கற மாதிரி இருக்கும்" என்று பொறுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டவர் இவர்தான்.

இன்னொன்றையும் இவரேதான் செய்தார். அந்த ஊரில் 'நாலு பேர்' என்று பெண்கள் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. "நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு பயந்தே வீட்டுல உக்காந்தோம். இனி நம்மளே அந்த நாலு பேரா இருந்துட்டா என்ன?" என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தொடங்கியது. எந்தப் பெண்ணாவது தேர்தலில் நின்றால், சங்கத்துக்குத் தலைமை ஏற்றால், சபையில் எழுந்து பேசப் போனால், அன்றைக்கு அவளுக்கு நாலு பேர் துணை. பிள்ளைக்கு ஒருத்தர், வீட்டுக்கு ஒருத்தர், தாள்களுக்கு ஒருத்தர், வழிக்கு ஒருத்தர். அவள் கவலைப்பட வேண்டியது பேச்சைப் பற்றி மட்டும்தான். மன்றத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிற மூன்று பெண் உறுப்பினர்களும் அப்படி நாலு நாலு பேர் பின்னால் நிற்க வந்தவர்கள்தாம்.

போன வாரம் அந்த டீச்சரம்மா வீட்டுக்கே வந்து கேட்டார். ஸ்டோர்காரருக்குச் சுருக்கென்றது.

"என் பொண்டாட்டிக்கு நான் ஒருத்தன் பத்தாதா? நாலு பேர் எதுக்குங்க, என்னைத் தூக்கிட்டுப் போகவா?"

டீச்சரம்மா சிரித்துவிட்டார். மனைவியும் சிரித்தாள். "சரி, விடுங்க டீச்சர், அவருதான் சொல்றாரே" என்று வாசல்வரை போய் வழியனுப்பினாள். அந்த வழியனுப்பல் கால் மணி நேரம் நடந்தது. பெண்கள் வாசலில் நின்றால் அப்படித்தான் என்று இவர் உள்ளே போய்விட்டார்.

"கிளம்பு, சலவைக்கடைக்கு!" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார். கதவு பின்னால் 'டப்' என்று சாத்திக்கொண்டது. தானே பூட்டிக்கொள்கிற கதவு. சாவி உள்ளே, கைப்பேசி உள்ளே, கால்சட்டையும் உள்ளே. இவர் வெளியே, பூப்போட்ட அரை டிராயரோடு.

"ஐயய்யோ!"

"நான் செருப்பு போட்டுக்கிட்டேன்" என்றாள் மகள்.

சலவைக்கடையில் வழக்கமாக இருக்கிற மீசைக்காரர் இல்லை. வாட்டசாட்டமான ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு நான் பாத்துக்கறேங்க" என்றார்.

"எண் ஒன்று! ஒரு கட்டு! உள்ள ஃபைல்!" ஸ்டோர்காரருக்கு மூச்சு வாங்கியது.

"மூச்சு விட்டுட்டுச் சொல்லுங்கண்ணே. வண்டி தெருமுனைதான் தாண்டியிருக்கும்." போனை எடுத்தார். "ஏம்ப்பா, வண்டியைத் திருப்பு."

கட்டு வந்தது. பிரித்தால், மேலே கிடந்த ஈரத் துணிகளின் தண்ணீர் இறங்கித் தாள்கள் நமத்துப் போயிருந்தன.

"ஒண்ணும் ஆகலை. மேல ஒரு துணியைப் போட்டு லேசா இஸ்திரி ஒத்தினா காஞ்சிடும். குடுங்க."

"நீங்க இருங்கம்மா, எனக்குத் தெரியாததா?" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும், கையெழுத்துத் தாள் பதினான்கையும் அழகாகவே காயவைத்தார். வேலை சரியாக நடந்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"நாலு பேருன்னு ஒரு கூட்டம் இருக்கும்மா இந்த ஊர்ல. துணைக்கு ஆள் அனுப்பறோம்னு வந்தாங்க. வேணவே வேணாம்னுட்டேன். ஒரு வீடு, ஒரு பிள்ளை, ஒரு ஃபைல். இதுக்கு நாலு பேரா?"

"அதானே" என்றார் சலவைக்கடை அம்மா.

"சொல்லுங்க, நான் என்ன கையாலாகாதவனா?"

"அப்பா" என்றாள் மகள். "அம்மா பேச்சு எரியுது."

பதினைந்தாவது தாள். மனைவி ஒரு வாரம் எழுதி எழுதித் திருத்திய பேச்சு. பெட்டியைத் தூக்கியபோது தாளின் நடுவில் இஸ்திரிப் பெட்டி வடிவத்திலேயே ஓர் ஓட்டை விழுந்திருந்தது. மேலே 'மதிப்பிற்குரிய' மிச்சம். கீழே 'நன்றி' மிச்சம். இடையில் புகைதான் இருந்தது.

ஸ்டோர்காரர் சற்று நேரம் அந்த ஓட்டை வழியாகச் சாலையைப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்று, துடைப்பத்தை மைக்காகப் பிடித்துக்கொண்டு அவள் இதைப் பேசிப் பார்த்ததை ஒளிந்து நின்று கேட்டவர் அவர். கேட்டபோது பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. இப்போது பார்த்து ஞாபகம் வருகிறது.

"அவ முகத்துல எப்படிம்மா முழிப்பேன்?"

"முதல்ல கால்சட்டையில முழிங்க" என்று பக்கத்துக் கடையிலிருந்து ஒரு குரல் கேட்டது. கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரம்மா வாசலில் நின்றிருந்தார். "இந்தக் கோலத்துல மன்றத்துக்குள்ள விடுவாங்களாண்ணே? யாரோ தைக்கக் குடுத்துட்டு வாங்காம விட்டது ஒண்ணு இருக்கு. போட்டுட்டுப் போங்க."

போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. இடுப்பு சரி, நீளம் சரி. ஸ்டோர்காரருக்கு இடது கால் அரை அங்குலம் குட்டை. கால்சட்டையிலும் இடது கால் அரை அங்குலம் குட்டை.

"பாவம், அவனுக்கும் என்னை மாதிரியே கால் போல" என்று முன்பின் தெரியாத அந்த ஆளுக்காக வருத்தப்பட்டார். தையல்காரம்மாவின் தோளில் எதற்கும் பொருந்தாமல் ஒரு நீலப் பொத்தான் தைத்திருந்தது. தைக்கிறவரே இப்படிக் கண்ட இடத்தில் பொத்தான் வைத்தால் ஊர் உருப்பட்டாற்போலத்தான் என்று மனசுக்குள் நொடித்துக்கொண்டு, சலவைக்கடை அம்மா கையில் திணித்த சில்லறையோடு பேருந்துக்கு ஓடினார்.

மணி ஒன்பதே முக்கால். பேருந்தில் உட்கார்ந்ததும் அவருக்கு யோசனை வந்தது. எரிந்துபோன பேச்சை நாமே எழுதிவிட்டால் என்ன? சலவைச் சீட்டின் பின்பக்கம் எழுதத் தொடங்கினார்.

'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு. பொருள்: கழிப்பறை, பெண்கள், ஒன்று. நிலை: உபயோகத்தில் உள்ளது. மாற்று இருப்பு: இல்லை.'

"அப்பா, இந்த பஸ் எதிர்ப்பக்கம் போகுது."

"எழுதறேன்ல, தொந்தரவு பண்ணாதே."

'எனவே மேற்படி உருப்படியை இருப்பிலிருந்து நீக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.' தலை நிமிர்ந்தபோது வயல்வெளி தெரிந்தது. நகர மன்றத்துக்குப் போகிற வழியில் வயல்வெளி கிடையாது.

இறங்கினார்கள். மணி பத்தே கால். காக்காய் கூட இல்லாத சாலை. ஆனால் பேருந்துக்குப் பின்னாலேயே ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி ஓட்டி வந்தாள்.

"மன்றத்துக்குத்தானே? ஏறுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே சார்."

என்ன அதிர்ஷ்டம் பாருங்கள் என்று வியந்துகொண்டே ஏறினார். மகள் இருக்கைப் பட்டையைத் தானே மாட்டிக்கொண்டாள். இவருக்கு அந்தப் பெண் மாட்டிவிட வேண்டியிருந்தது.

இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "நேரா போகாதீங்கம்மா, இடது பக்கம் திருப்புங்க. குறுக்கு வழி. இந்த ஊர்ல எனக்குத் தெரியாத தெருவா?"

இடது பக்கம் திரும்பினாள். தெரு முழுக்க நீளமாகப் பள்ளம் தோண்டியிருந்தது. ஓரத்தில் குவிந்து கிடந்த குழாய் மூட்டுகளைப் பார்த்ததும் ஸ்டோர்காரரின் முகம் செத்துப் போனது. போன வாரம் இந்தத் தெருவுக்கென்று கேட்டு வந்தபோது அறுநூறு மூட்டு எண்ணிக் கொடுத்தவர் அவரேதான்.

"இனிமே நான் வாயே திறக்கலை" என்றார்.

"நல்லதுங்க" என்று பின்னோக்கி எடுத்தாள் அவள்.

மன்ற வாசலை அடைந்தபோது மணி பத்து நாற்பத்தைந்து. காக்கி உடுப்பில் காவல்கார அம்மா நின்றார். உள்ளே போக அடையாள அட்டை வேண்டும். அது வீட்டில், பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், பழைய கால்சட்டைப் பையில் இருந்தது.

"ரெண்டு நிமிஷம் பொறுங்கய்யா. உள்ள கேட்டுச் சொல்லிடறேன்."

இரண்டு நிமிடம் பொறுத்தால் அவர் ஸ்டோர்காரர் இல்லையே. கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கவாட்டுக்குப் போனார். அங்கே சின்ன இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. ஏறினார். ஒரு காலை அந்தப் பக்கம் போட்டார். இன்னொரு காலைத் தூக்கும்போது கால்சட்டை கம்பி முனையில் மாட்டிக்கொண்டது. அது நல்ல தையல், கிழியவில்லை. மனிதர் மன்றத்துக்குள் பாதியும் தெருவில் பாதியுமாகத் தொங்கினார்.

மகள் முன்வாசலுக்கு நடந்தே போனாள். "எங்கம்மா இன்னைக்குப் பேசறாங்க. ஃபைல் எங்கப்பாகிட்ட இருக்கு. எங்கப்பா அங்க தொங்கறாங்க."

காவல்கார அம்மா ஓடி வந்தார். காரைப் பூட்டிவிட்டுக் கறுப்புக் கண்ணாடிப் பெண் வந்தாள். அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள் சலவைக்கடை அம்மாவும் தையல்காரம்மாவும்.

"ஆளுக்கொரு பக்கம் பிடிங்க" என்றார் சலவைக்கடை அம்மா. "ஏலேலோ!"

இரண்டு பேர் தோளைப் பிடிக்க, இரண்டு பேர் காலைப் பிடிக்க, ஸ்டோர்காரர் ஆகாயத்தைப் பார்த்தபடி மெல்ல உள்ளே வந்து இறங்கினார். நாலு பேர் தூக்கி. போன வாரம் பேசின பேச்சு அவருக்கு ஞாபகம் வந்ததா என்று தெரியவில்லை. கோப்பை மட்டும் விடவில்லை.

மணி பத்து ஐம்பத்தெட்டுக்கு மன்றச் செயலாளரின் மேசையில் அதைக் கொண்டுபோய் வைத்தார். செயலாளர் தாள்களை எண்ணினார். "இருநூற்றுப் பன்னிரண்டு. சரியாக இருக்கிறது. பேசலாம்."

மனைவி எழுந்தாள். பின்வரிசையிலிருந்து சந்தைப் பெண்கள் முப்பது பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுத் தாளைக் கையில் எடுத்தாள். ஓட்டை வழியாக மன்றத் தலைவரின் முகம் தெரிந்தது. கூடவே இருந்த சலவைச் சீட்டைத் திருப்பி வாசித்தாள். 'மாற்று இருப்பு: இல்லை.' உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்தாள். ஸ்டோர்காரர் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"தலைவர் ஐயா, நான் எழுதிட்டு வந்தது வேற. நேராவே பேசிடறேன்" என்றாள். குரல் முதல் வரியில் நடுங்கியது, இரண்டாவது வரியில் நடுக்கம் போய்விட்டது. "கூட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆச்சு. நீங்க ரெண்டு தடவை எழுந்து வெளிய போயிட்டு வந்தீங்க. நான் எண்ணிட்டு இருந்தேன், பொத்தான் எண்ணி எண்ணிப் பழகிப்போச்சு."

சபை சிரித்தது. தலைவர் தண்ணீர்க் குவளையை நைசாகத் தள்ளி வைத்தார்.

"தப்பே இல்லைங்கய்யா. உடம்புன்னா அப்படித்தான். உங்களுக்கு அந்தக் கதவு இருபது அடியில இருக்கு. நாங்க காலையில அஞ்சு மணிக்கு வந்து மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் சந்தையில உக்காந்திருக்கோம். எங்களுக்கு இருக்கறது ஒரே ஒரு கதவு. போன வருஷம் அது பத்து நாள் பழுதா கிடந்துச்சு. அந்தப் பத்து நாளும் நாங்க யாரும் தண்ணி குடிக்கலை. ஏழாம் நாள் வெங்காயக்கடை அக்கா தராசு மேலயே மயங்கி விழுந்தாங்க. இதோ, பின்னாடி உக்காந்திருக்காங்க. அந்தக் கதவைப் பூட்டறதுன்னா, இருநூத்திப் பன்னிரண்டு பேரையும் பார்த்து 'தண்ணி குடிக்காதீங்க'ன்னு நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க. அதைக் கேட்டுட்டுப் போறோம்."

ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். அவள் இரண்டு நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டாள். வாக்கெடுப்பில் பதினொரு பேர் அவள் பக்கம் கையைத் தூக்கினார்கள், நாலு பேர் தூக்கவில்லை. தூக்கின கைகளில் தலைவருடையதும் ஒன்று. கழிப்பறை கழிப்பறையாகவே இருக்கும், உடைந்த தாழ்ப்பாளையும் மாற்றுவது என்று தீர்மானம் ஆயிற்று. வெங்காயக்கடை அக்கா அங்கேயே ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

தூணுக்குப் பின்னால் ஸ்டோர்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய ஆளோடு குடித்தனம் நடத்துகிறோம் என்பது இத்தனை வருஷம் கழித்துத் தெரிகிறது என்று வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கூட்டம் கலைந்தது. மனைவியைச் சுற்றி ஆட்கள் மொய்த்தார்கள். வராந்தா பெஞ்சில் டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சலவைக்கடை அம்மா, தையல்காரம்மா, கறுப்புக் கண்ணாடிப் பெண், காவல்கார அம்மா. ஐந்து பேர் தோளிலும் ஒரே மாதிரி நாலு ஓட்டை நீலப் பொத்தான். மனைவியின் கடைப் பொத்தான். ஸ்டோர்காரருக்கு இடி விழுந்தாற்போல் புரிந்தது.

"நீங்க... நீங்கதான் அந்த நாலு பேரா?"

"ஆமாங்கண்ணே" என்றார் சலவைக்கடை அம்மா.

ஸ்டோர்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, பாவி நான்! அவளுக்குன்னு வெச்சிருந்த நாலு பேரையும் காலையில இருந்து நானே பிடுங்கி வெச்சிக்கிட்டேனே. முதல் தடவை பேசறா. ஒரு ஆள் துணையில்லாம அவளைத் தனியா நிக்க விட்டுட்டேனே டீச்சர்! பிள்ளையைக் கூடப் பாத்துக்க ஆள் இல்லாமப் பண்ணிட்டேனே!"

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காவல்கார அம்மாதான் மனசு கேட்காமல் அவர் தோளில் தட்டிக் கொடுத்துச் சொன்னார்:

"அழாதீங்கய்யா, பிள்ளை சமத்து, தனக்கும் யாரும் வேணாம், நாலு பேரையும் உங்களுக்கே போட்டுடுங்கன்னு உங்க வீட்டம்மா போன வாரமே வாசல்ல நின்னு சொல்லிட்டாங்க."